கையாண்டவர் தவறு

என் வீட்டுக்காரர் மெத்தை நிபுணர். இதை நான் சொல்லவில்லை, அவரேதான் சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கீழ் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் கிடக்கும் செய்தித்தாளை எடுக்கக் குனிந்தால் போதும், எங்கள் மாடியிலிருந்தே குரல் கொடுப்பார்.

"சார், மெத்தை வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு? காலையில எழுந்ததும் வலிக்குதா, கொஞ்சம் நடமாடினா சரியாயிடுதா? வேற இடத்துல படுத்தா நல்லாத் தூக்கம் வருதா? அப்ப மாத்திடுங்க சார். யோசிக்காதீங்க!"

பாவம், அந்த மனிதருக்கு மூலம். அதை மாடிக்குக் கேட்கிற மாதிரி சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஊருக்கெல்லாம் மெத்தை மாற்றச் சொல்லும் இந்த மகானுக்கு உத்தியோகம் என்ன தெரியுமா? ஒரு மெத்தைக் கம்பெனியில் புகார் ஆய்வாளர். பத்து வருஷ வாரண்டியை நம்பி மெத்தை வாங்கியவர்கள், பள்ளம் விழுந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று போன் செய்தால், இவர் நேரில் போய்ப் பார்த்து, இது பள்ளமே இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருவார். அவருடைய ஆயுதங்கள் ஒரு நூலும் ஓர் இரும்பு ஸ்கேலும். நூலை மெத்தையின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டுவார். நூலுக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவில் ஸ்கேலை நிறுத்துவார். ஒன்றரை அங்குலம் இருந்தால்தான் அது பள்ளம். ஒரு நூலிழை குறைந்தாலும் அதற்குப் பெயர் 'இயல்பான உடல் பதிவு'. நம் உடம்பு மெத்தையில் கையெழுத்துப் போட்டிருக்கிறதாம், அதற்காகப் பெருமைப்பட வேண்டுமாம்.

தப்பித்தவறி ஒன்றரை அங்குலத்தைத் தாண்டிவிட்டாலும் கவலையில்லை. மெத்தையை ஒரு சுற்று சுற்றி வருவார். கறை இருக்கிறதா, கட்டில் சட்டம் விரிசல் விட்டிருக்கிறதா, ஓரம் நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். மனிதர்கள் படுத்து எழுந்த மெத்தையில் ஏதாவது ஒன்று கிடைக்காமலா போகும்? கிடைத்த கையோடு 'கையாண்டவர் தவறு' என்று எழுதிவிட்டு, அந்த வீட்டுக்காரர்கள் கொடுக்கும் டீயையும் குடித்துவிட்டு வருவார். கம்பெனியில் அவரை 'நூல் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகப் புகார்களை நிராகரித்ததற்காக அவர்கள் கொடுத்த சுவர்க் கடிகாரம் எங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. அதன் டிக் டிக்கைக் கேட்டபடிதான் நான் புரண்டு படுப்பேன்.

புரண்டு படுப்பேன் என்று சொன்னது தப்பு. எங்கள் மெத்தையில் புரள முடியாது, உருளத்தான் முடியும். அவர் பக்கம் ஒரு பள்ளம். சும்மா பள்ளம் இல்லை, மழை பெய்தால் தவளை கத்தும். நான் அதன் கரையில் படுத்திருக்கிறேன், எட்டு வருஷமாக.

மெத்தையை மாற்றலாம் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரே பதில்தான்.

"பத்து வருஷம் வரும்னு நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டிருக்கேன். என் வீட்டுலயே எட்டு வருஷத்துல மாத்தினா, நாளைக்கு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு ஸ்கேலை எடுப்பேன்? நான் அளந்து பாத்துட்டேன். ஒண்ணேகால்தான் இருக்கு. இயல்பான உடல் பதிவு."

"பதிவு உங்க உடம்போடது. அவதி என் உடம்போடது."

"உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்."

மெத்தையை மாற்ற மாட்டாரே தவிர, அதைப் பராமரிப்பதில் குறையே வைக்க மாட்டார். மெத்தையின் ஓரத்தில் உட்காரக் கூடாது. அப்படியானால் சாக்ஸ் எங்கே உட்கார்ந்து போடுவது? நின்றுகொண்டு போடு, ஒற்றைக் காலில் நின்றால் உடம்புக்கு நல்லது. மெத்தைமேல் டீ குடிக்கக் கூடாது. உறை போடாமல் படுக்கவே கூடாது. வாரம் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து காற்றாட விட வேண்டும். கட்டிலின் அடிச் சட்டம் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் நுழைவார், வரும்போது தொலைந்துபோன என் ஒற்றைத் தோட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த ஒரு நன்மையை மறுக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருப்புதல். தலைப்பக்கம் கால்பக்கமாக, கால்பக்கம் தலைப்பக்கமாக. இது எங்கள் வீட்டில் கோலாகலமாக நடக்கும். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெத்தையின் பக்கவாட்டில் தைத்திருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். ஓரத்தைப் பிடிக்கவே மாட்டார், நிபுணராயிற்றே! நான் மறுபுறத்துக் கைப்பிடி. "தூக்கு... திருப்பு... மெதுவா... அட, சுவத்துல இடிக்காதே!" பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட எனக்கு யாரும் இவ்வளவு உத்தரவு போட்டதில்லை. திருப்பி முடித்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பாரு, தேய்மானம் சரிசமமா பிரிஞ்சிடும்" என்பார்.

பஸ் என்று சொன்னேன் அல்லவா? அதுதான் என் வேலை. நான் ஓட்டுநர். பெரிய வண்டி, நீள வண்டி, மலைப்பாதை ரூட். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வளைவில் வண்டியை ஒரே இழுப்பில் திருப்பும்போது பின்சீட்டுக் குழந்தைகள் "ஓ" என்று கத்துவார்கள். அந்த ஒரு சத்தத்துக்காகவே வேலைக்குப் போகலாம்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது.

காலையில் எழுந்தால் என் கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. இன்னொரு கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். தோளும் இறுகிக் கிடக்கும். வெந்நீரில் கையை நனைத்து, டீ டம்ளரைப் பிடித்து, ஒரு வழியாக டெப்போவுக்குப் போய்ச் சேருவேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் காலை ட்ரிப்பில் கியர் போடும்போது உயிர் போய் உயிர் வரும்.

டெப்போ டாக்டர் என் கையில் ஏதோ ஒரு கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். முள் அரைவாசிகூட ஏறவில்லை. அவர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். போலீஸ்காரர் பார்க்கிற பார்வை.

"போன தடவை வலது கைன்னு சொன்னீங்க. இப்ப இடது கைங்கிறீங்க?"

"ஆமா டாக்டர். அது சரியாயிடுச்சு. இப்ப இதுதான் வலிக்குது."

"அதுக்கு முன்னாடியும் இடதுதான். நோய் என்னம்மா, ஷிஃப்ட் மாத்தி வேலை பாக்குதா?"

நான் என்ன சொல்ல? எனக்கே தெரியவில்லை.

"இங்க பாருங்க. நடிப்புன்னா மேல எழுதிப் போட்டுடுவேன். நடிப்பு இல்லைன்னா, கை இப்படி இருக்கிற ஆளுக்கு மலைப்பாதையில வண்டி கொடுக்க முடியாது. அடுத்த மாசம் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா டிக்கெட் கவுன்டர்தான்."

டிக்கெட் கவுன்டர்! கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டைக்குள் கையை விட்டுச் சில்லறை கேட்கிற வேலை. அங்கே உட்கார்ந்தால் என் பஸ்ஸை என் கண்ணெதிரே வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்க வேண்டும். வெளியே வந்து பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

என் வண்டியின் கண்டக்டர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறந்தால் பஸ்ஸின் ஹாரன் தேவையில்லை.

"அழுது என்னடி ஆகப்போகுது? நான் ஒண்ணு கேக்குறேன். வெளியூர் ட்ரிப் போயி ஓய்வறையில பாயில படுத்துட்டு வர்றோமே, அன்னிக்குக் காலையில உன் விரல் மடங்குதா?"

யோசித்துப் பார்த்தேன். மடங்கியதே இல்லை. ஓய்வு நேரத்தில் பஸ்ஸின் பின்பக்க நீளச் சீட்டில் படுத்து எழுந்தாலும் விரல் நேராகத்தான் இருந்தது.

"அப்போ கோளாறு உன் கையில இல்லடி. உன் கட்டில்ல. மெத்தையை மாத்து."

"அவர் மாத்த மாட்டார் அக்கா. எத்தனை தடவை சொல்லியாச்சு."

"பொண்டாட்டியா சொன்னா எந்தப் புருஷன் கேக்கப்போறான்? வாடிக்கையாளரா சொல்லு! கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் கொடு. புருஷனா வந்தா பாக்க மாட்டான். ஆய்வாளரா வந்தா பாத்துத்தானே ஆகணும்?"

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து போன் போட்டேன். இனிமையான குரல் ஒன்று, "உங்கள் தூக்கமே எங்கள் கவலை" என்றது. அடேயப்பா! ஒரே ஒரு ஆளாவது கவலைப்படுகிறாரே என்று விவரமெல்லாம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து நிபுணர் வேலையிலிருந்து வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நம்ம வீட்டு அட்ரஸைக் கொடுத்து யாரோ புகார் பண்ணியிருக்காங்க. கீழ் வீட்டுக்காரன் வேலையாத்தான் இருக்கும். அவனுக்கு என்மேல பொறாமை."

"அவருக்கு ஏன் பொறாமை? உங்க பள்ளத்தைப் பாத்தா?"

ஷூவைக் கழற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம்தான் விளங்கியது.

"நீயா?"

"நானேதான். வாடிக்கையாளர்."

"உனக்குப் பைத்தியமா? ஊழியர் வீட்டுப் புகார்னா மேலாளரம்மாவும் கூட வருவாங்க. எனக்கு மானம் போயிடும்!"

"உங்களுக்கு மானம் போகுது. எனக்கு ஸ்டியரிங் போகுது. எது பெருசுன்னு நீங்களே நூல் பிடிச்சு அளந்து பாருங்க."

டாக்டர் சொன்னதையெல்லாம் அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதே, அதான் வலி" என்றார். அதோடு திரும்பிப் படுத்துக்கொண்டார், தன் பள்ளத்தில், சுகமாக.

சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வாசல் மணி அடித்தது. திறந்தேன். என் புருஷன் சீருடையில் நிற்கிறார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை. பக்கத்தில் ஒரு களைத்துப்போன அம்மாள், அவர்தான் மேலாளர். நிபுணர் தினமும் செருப்பைக் கழற்றிப் போடும் அதே மூலையில் ஷூவைக் கழற்றி, காலுக்குப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வணக்கம் மேடம். மெத்தைப் புகார் சம்பந்தமா வந்திருக்கோம். பெட்ரூம் எந்தப் பக்கம்?"

அடப்பாவி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வாங்க சார். நேராப் போய் இடது பக்கம். பாத்துப் போங்க, மெத்தைமேல ஈரத் துண்டு கிடக்கும். குளிச்சிட்டு யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க."

மேலாளரம்மா, "ஈரம் மெத்தைக்கு ஆகாதே மேடம். பூஞ்சை பிடிச்சிடும்" என்றார்.

"நானும் அதைத்தான் சொல்றேன் மேடம். கேக்குற ஆளாத் தெரியல."

நிபுணரின் காது சிவந்தது. துண்டை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாதவர்போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெரிந்த கொடியில் போட்டார். உறையை உருவினார். நூலை எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் நூலைக் கட்டுகிற நேர்த்தியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்கேலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணேகால். இயல்பான உடல் பதிவு மேடம்."

"யாரோட உடல்னும் எழுதிக்கோங்க சார்."

மேலாளரம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், இருமிக்கொண்டார். "ஓரங்களையும் ஒரு தடவை பாத்துடுங்க, போட்டோ வேணும்" என்றார்.

நிபுணர் மெத்தையைச் சுற்றி வந்தார். அவர் படுக்கும் பக்கத்து ஓரம் புத்தம் புதிதாக இருந்தது. என் பக்கம் வந்ததும் நின்றார். மெத்தையின் விளிம்பைச் சுற்றிக் கயிறு மாதிரி தைத்த பட்டி ஒன்று இருக்கும், அது இரண்டு இடத்தில் நைந்து, நூல் நூலாகத் தொங்கியது. தலைப்பக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஒன்று, கால்பக்கத்திலிருந்து அதே ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்! பல வருஷப் பழக்கம் எங்கே போகும்? தவறு கிடைத்துவிட்டது.

"மேடம், ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கியிருக்கீங்க. ரெண்டு கையும் பதிஞ்சிருக்கு பாருங்க. கையாண்டவர் தவறு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யோவ் நூல் சார்! இந்த மெத்தையைத் தூக்கினது யாரு? மூணு மாசத்துக்கு ஒருக்கா லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் திருப்பினது யாரு? நானா தனியாத் தூக்கினேன்?"

"நான் கைப்பிடியைப் பிடிச்சுத்தான் தூக்குவேன்!" என்று அவரும் கத்தினார். கத்திய பிறகுதான் சீருடை ஞாபகம் வந்தது. "...வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கியிருப்பார் மேடம்."

"நானும் கைப்பிடியைத்தான் பிடிப்பேன். நீங்கதானே மறுபக்கம் நின்னு உத்தரவு போடுறீங்க? அப்ப இது எப்படித் தேஞ்சுது?"

மேலாளரம்மா நடுவில் வந்தார். "ஒரு நிமிஷம். மெத்தையைத் தவறாமத் திருப்புறீங்களா?"

"எட்டு வருஷமா, ஒரு தடவைகூடத் தவறினதில்லை" என்றார் நிபுணர், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படின்னா பள்ளம் ஒரே பக்கமா எப்படி விழும்? திருப்பினா இவர் பக்கம் உங்க பக்கமா ஆயிடுமே. திருப்பின அன்னிக்கு யார் எந்தப் பக்கம் படுப்பீங்க?"

நான்தான் பதில் சொன்னேன். சொல்ல ஆரம்பிக்கும்போது இது ஒரு பெரிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"திருப்பினா பள்ளம் என் பக்கம் வந்துடும் மேடம். இவருக்குப் பள்ளம் இல்லாமத் தூக்கம் வராது. அதனால நாங்க இடம் மாத்திக்குவோம். இவர் இந்தப் பக்கம் வந்துடுவார், நான் அந்தப் பக்கம் போயிடு..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அறையில் பரிசுக் கடிகாரம் மட்டும் டிக் டிக் என்றது.

மெத்தையைத் திருப்பியிருக்கிறோம், கூடவே நாங்களும் திரும்பியிருக்கிறோம்! எட்டு வருஷமாக அவர் தன் பள்ளத்திலும், நான் என் கரையிலும் அசையாமல் இருந்திருக்கிறோம். மாறியது ஒன்றே ஒன்றுதான். நான் ஒரு மூன்று மாதம் கட்டிலின் இந்தப் பக்கம், அடுத்த மூன்று மாதம் அந்தப் பக்கம். ஓரம் ஒரு தடவை என் வலது கைப்பக்கம், அடுத்த தடவை இடது கைப்பக்கம்.

டாக்டர் கேட்டது காதில் விழுந்தது. நோய் ஷிஃப்ட் மாத்தி வேலை பாக்குதா?

"மேடம், நான் கொஞ்சம் படுத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் என் இடத்தில் படுத்தேன். "சார், நீங்களும் உங்க இடத்துல படுங்க."

"ட்யூட்டி நேரத்துல..." என்று இழுத்தார் நிபுணர்.

"படுங்க" என்றார் மேலாளரம்மா.

சீருடையோடு, அடையாள அட்டையோடு, காலில் பிளாஸ்டிக் உறையோடு என் புருஷன் தன் பள்ளத்தில் இறங்கினார். அவர் இறங்கியதும் மெத்தை மொத்தமும் அவர் பக்கம் சரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. என் கை தானாகப் போய் ஓரத்தைப் பிடித்தது. விரல்கள் மடங்கின. பிடித்த இடத்தில் பட்டி நைந்து, நூல் நூலாக என் உள்ளங்கையில் உறுத்தியது. இன்னோர் இடத்து நைவு என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது, மெத்தை திரும்பும்போது என் கை போய்ச் சேரும் இடம்.

தூக்கத்தில் உருண்டு அவர்மேல் விழாமல் இருக்க, எட்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பயணிகூட இறங்கவேண்டிய இடம் வந்தால் விட்டுவிடுவான்.

எழுந்து அவரிடம், "இப்ப என் இடத்துல நீங்க படுங்க சார்" என்றேன். அவர் மறுக்கவில்லை. நான் பள்ளத்தில் படுத்தேன். முதல் தடவை. அடடா, என்ன சுகம்! மனிதர் சும்மாவா விடமாட்டேன் என்றார்! பக்கத்தில் நிபுணர் விறைப்பாகக் கிடந்தார். கையை நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார். தலைக்குக் கீழே வைத்துப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் உடம்பு என் பக்கம் வழுக்கியது. அப்புறம் அந்தக் கை யாரையும் கேட்காமல் கீழே இறங்கி, ஓரத்தைப் போய்ப் பிடித்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. நைந்த பட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்த மாதிரி ஓரம் நிறைய வீட்டுல பாத்திருக்கேன்" என்றார். குரல் ஆய்வாளர் குரல் இல்லை. "எல்லா வீட்டுலயும் ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கும். கை அளவுக்குத் தேஞ்சிருக்கும். எல்லாத்துக்கும் கையாண்டவர் தவறுன்னு எழுதிட்டேன்."

மேலாளரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய விரல்களும் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் வீட்டில் என்ன மெத்தையோ, யார் பள்ளமோ, நான் கேட்கவில்லை.

அப்புறம் மேலாளரம்மா நிபுணரிடம், "அளவு ஒண்ணேகால்தான் இருக்கு. கம்பெனி விதிப்படி என்ன எழுதப்போறீங்க?" என்றார்.

நிபுணர் எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நிராகரிப்புதான் மேடம். கையாண்டவர் தவறு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்கு அப்புறமுமா? நூலைப் பிடுங்கி அவர் கழுத்திலேயே கட்டிவிடலாமா என்று எழுந்தேன்.

"கையாண்டவர் நான்தான் மேடம்" என்றார் அவர். "மெத்தையையும், இவளையும்."

அவ்வளவு நேரம் மேடமாக இருந்தவள் இவளாகிவிட்டேன். மேலாளரம்மா ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். டீகூடக் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே நிபுணர் எங்கள் சொந்தச் செலவில் புது மெத்தை வாங்கிக்கொண்டு வந்தார். வாரண்டி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழையதைத் தனியாளாகப் படியில் இறக்கினார். கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பத்து வருஷம் ஆயிடுச்சா?" என்றார். நிபுணர் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மெத்தைக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நடந்தார்.

என் விரல்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தன. மறு சோதனையில் டெப்போ டாக்டர் கருவியைக் கொடுத்தார். அமுக்கினேன். முள் எகிறியது. மறு கை, அதுவும் எகிறியது. அவர் நாற்காலியில் சாய்ந்து புன்னகை செய்தார்.

"கவுன்டர்னு சொன்னதும் ரெண்டு கையும் குணமாயிடுச்சு பாத்தீங்களா? நடிப்புன்னு நான் அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். இனிமே இப்படிப் பண்ணாதீங்க."

மெத்தைக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் பேனா, பேனாவுக்குக் கீழே என் ஸ்டியரிங். "சரிங்க டாக்டர், இனிமே பண்ண மாட்டேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார். அன்று முதல் வளைவில் நான் வண்டியைத் திருப்பிய திருப்பில் குழந்தைகளோடு கண்டக்டர் அக்காவும் சேர்ந்து "ஓ" என்று கத்தினாள்.

நிபுணர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இன்னும் நூலும் ஸ்கேலுமாகத்தான் அலைகிறார். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நூலைக் கட்டுவதற்கு முன்னால் ஓரத்தைப் பார்க்கிறாராம். நைந்திருந்தால், "இந்தப் பக்கம் யார் படுக்கிறது? அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்கிறாராம். வருகிறவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டுவாராம். இந்த வருஷம் பரிசுக் கடிகாரம் வேறு யாருக்கோ போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது மெத்தையை முதல் தடவை திருப்பினோம். அதே லுங்கி, அதே கைப்பிடி, அதே உத்தரவு. வியர்வையைத் துடைத்துவிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் நடந்தார். நான் தொண்டையைக் கனைத்தேன். தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். திரும்பி வந்து, இருந்த பக்கத்திலேயே படுத்தார். நான் என் பக்கத்தில் படுத்தேன். மூன்றே மாதத்தில் அவர் அழுத்தி வைத்திருந்த இடம் என் முதுகுக்குத் தொட்டில் மாதிரி இருந்தது.

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பக்கம் லேசா சரிவா இருக்கோ?"

எட்டிப் பார்த்தேன். அவர் கை மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பிடிச்சுக்கோங்க" என்றேன். "எட்டு வருஷத்துல பழகிடும்."